காப்பக விலங்குகளுக்காகக் குழந்தைகள் செய்யும் போஸ்டர்: எந்த வழி நல்லது?

காப்பகத்தில் இருக்கும் நாய், பூனைகளுக்கு வீடு கிடைக்க உதவும் போஸ்டர்களைக் குழந்தைகளைக் கொண்டு செய்யலாம் என்று நினைக்கிற ஆசிரியரும் பெற்றோரும் முதலில் கேட்பது, "எதில் செய்யச் சொல்வது?" என்றுதான். கிரேயானா, கலர் பேப்பரா, கேன்வா மாதிரி ஒரு செயலியா, இல்லை போட்டோ எடுத்து ஒட்டிவிடலாமா? இந்த நான்கிலும் குழந்தைகளோடு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். எனக்கென்று தெளிவான ஒரு விருப்பமும் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போஸ்டர் யாரைப் பற்றியது? இதில் தெளிவில்லை என்றால் எதை வைத்துச் செய்தாலும் பலன் இருக்காது.

ஒரு நாயா, எல்லா நாய்களுமா

"விலங்குகளை நேசிப்போம்", "வாங்காதீர்கள், தத்தெடுங்கள்" என்று எழுதி, நடுவில் ஒரு இதயம், சுற்றிலும் பாதத் தடங்கள். தலைப்பைப் பொதுவாகக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் இதைத்தான் வரைவார்கள். பார்க்கிறவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மறுக்க அதில் எதுவும் இல்லை, நினைவில் வைத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை.

"இந்தப் பூனைக்கு வயது ஒன்பது. யாராவது தினசரியை விரித்தால் உடனே வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும்" என்று எழுதினால் கதையே வேறு. படிப்பவர் தன் வீட்டு மேஜையில் அந்தப் பூனையை உட்கார வைத்துப் பார்த்துவிடுகிறார். தத்தெடுப்பு அங்கேதான் தொடங்குகிறது. குழந்தைக்கும் இதில் பெரிய லாபம் உண்டு. பொதுவான நாயை மனப்பாடமாக வரைந்துவிடலாம்; ஒரு காது மடங்கி, மூக்கில் வெள்ளைப் புள்ளி இருக்கிற நாயை வரைய அதை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும்.

எதிர்ப்பக்க வாதங்களும் நியாயமானவைதான். அந்த விலங்குக்கு வீடு கிடைத்ததும் போஸ்டர் பயனற்றுப் போகும், பொதுப் போஸ்டரோ பல மாதம் சுவரில் இருக்கும் என்பது ஒன்று. இதற்கு வழி இருக்கிறது: போஸ்டரின் அடியில் ஒரு கையகலப் பட்டையைக் காலியாக விட்டு, காப்பகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதற்கு மேலே வரும்படி அமைத்தால், பிறகு அந்தப் பட்டையில் "எனக்கு வீடு கிடைத்துவிட்டது, என் நண்பர்கள் காத்திருக்கிறார்கள்" என்று ஒட்டிக்கொள்ளலாம். இன்னொரு வாதம் கனமானது. குழந்தை அந்த விலங்கோடு மனதளவில் ஒட்டிக்கொள்ளும். வீடு கிடைக்காமலே போனால், அல்லது அது இறந்துபோனால்? அதனால்தான் ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி விலங்கைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு "வயதான பூனைகள்", "கறுப்பு நாய்கள்" என்று ஒரு கூட்டத்தைக் கொடுக்கலாம். எட்டு வயதுக்கு மேல் உள்ளவர்களிடம் உண்மையைச் சொல்லியே தொடங்கலாம். போஸ்டர் உதவும், ஆனால் உத்தரவாதம் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

எந்த விலங்கு என்பதைக் குழந்தைகளே தேர்ந்தெடுத்தால் எல்லோரும் குட்டிகளைத்தான் எடுப்பார்கள். குட்டிகளுக்குப் பெரும்பாலும் போஸ்டர் இல்லாமலே வீடு கிடைத்துவிடும். அதிக நாளாகக் காத்திருப்பவை, வயதானவை, ஒரு கண்ணோ ஒரு காலோ இல்லாதவை, கறுப்பு நிறத்தவை, இப்படி ஒரு பட்டியலைக் காப்பக ஊழியர்களிடம் கேட்டு வாங்கி அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு விலங்குகளை மக்கள் ஒதுக்குகிறார்கள் என்று காப்பக வட்டாரத்தில் பரவலாகச் சொல்வார்கள். ஆய்வுகள் இதில் ஒத்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் கறுப்பு ரோமத்தைப் போட்டோவில் பிடிப்பது கஷ்டம் என்பது நிச்சயம்: முகம் இருண்டு, கண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. போஸ்டரில் கதை தலைகீழ். 1896-இல் ஸ்டைன்லென் என்ற ஓவியர் பாரிஸில் ஒரு கேளிக்கை விடுதிக்காக வரைந்த போஸ்டரில் மஞ்சள் பின்னணியில் ஒரு பெரிய கறுப்புப் பூனை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நூற்றாண்டு கடந்தும் அது அச்சாகிக்கொண்டே இருக்கிறது. கறுப்பு உருவம் ஒன்று வெளிர் பின்னணியில் எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணை இழுக்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிரேயானும் ஸ்கெட்ச் பேனாவும்

ஐந்து முதல் எட்டு வயது வரை இதற்குப் போட்டியே இல்லை. அந்த வயதுக் குழந்தை இழுக்கும் கோட்டில் இருக்கும் உயிர் வேறு எதிலும் வராது. பெரியவர்கள் அதைத் திருத்தாமல் இருந்தாலே போதும். பிரச்சினை இரண்டு. முதலாவது, குழந்தைகளுக்குப் பிடித்த மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெள்ளைத் தாளில் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது, ஜெராக்ஸ் எடுத்தால் சுத்தமாகக் காணாமல் போகும். எழுத்துக்கு மட்டும் கறுப்பு, கருநீலம், அடர் பச்சை என்று ஒரு விதி வைத்தால் இது சரியாகிவிடும்.

இரண்டாவது, எழுத்து அடங்காமல் போவது. முதல் எழுத்தைப் பெரிதாகத் தொடங்கி, கடைசி இரண்டு எழுத்தை ஓரத்தில் நசுக்கி எழுதாத குழந்தை அபூர்வம். தமிழில் இது இன்னும் கூடுதல். "தத்தெடுங்கள்" என்பதில் ஏழு எழுத்துகள். ஏ3 தாளை நெட்டுக்குத்தாக வைத்தால் அகலம் 297 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் ஓரம் விட்டால் மிஞ்சுவது 237. ஆக ஓர் எழுத்துக்குச் சராசரியாக 34 மில்லிமீட்டர்தான். அதிலும் "தெ" கொம்போடு சேர்ந்து ஒன்றரைப் பங்கு இடம் பிடிக்கும், "டு" கோட்டுக்குக் கீழே இறங்கும், மேலே புள்ளிகளுக்கு இடம் வேண்டும். பென்சிலால் முதலில் பெட்டிகள் போட்டு, "தெ"வுக்கு மட்டும் பெரிய பெட்டியாகக் கொடுத்து, மேலே புள்ளிக்கும் கீழே "டு"வின் வாலுக்கும் இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு பயிற்சியிலேயே இடம் என்பதைப் பற்றிக் குழந்தைக்கு நிறையப் புரிந்துவிடும். கணக்கு வகுப்பில் வராத ஆர்வமும் இதில் வரும்.

காகிதத்தை வெட்டி ஒட்டுவது

என் விருப்பம் இதுதான். குறிப்பாக எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை.

வரையும்போது ஒரு கோடு போட்டுவிட்டால் அது அங்கேயே நின்றுவிடுகிறது. நாய் தாளின் மூலையில் சின்னதாக வந்துவிட்டால் குழந்தை அதை அழித்துவிட்டு மறுபடி வரையாது. மிச்ச இடத்தில் சூரியனையும் பூவையும் வரைந்து நிரப்பும். வெட்டிய காகிதத்தை நகர்த்தலாம். நாயை நடுவில் வை, இடது ஓரத்தில் பாதி வெளியே போகும்படி வை, தலையை மட்டும் பெரிதாக வெட்டி வை. ஒவ்வொரு முறையும் போஸ்டர் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வடிவமைப்பு என்று நாம் சொல்வதன் முக்கால்வாசி இந்த நகர்த்தலில்தான் இருக்கிறது.

கத்தரிக்கோலால் நுணுக்கமாக எதையும் வெட்ட முடியாது என்பதும் இங்கே நன்மைதான். ஒவ்வொரு முடியையும் வரைய முடியாதபோது, இந்த நாயை இந்த நாயாக்குவது எது என்று யோசித்தாக வேண்டியிருக்கிறது. ஒரு சிறுமி குட்டைக் கால் நாய் ஒன்றுக்குப் பழுப்புக் காகிதத்தில் நீளமாக உடலை வெட்டினாள். நாலு கால்களையும் வைத்துப் பார்த்தாள், அது எந்த நாயாகவும் இருக்கலாம் போலிருந்தது. காகிதத்தைக் கத்தரிக்காமல் விரலால் கிழித்து, ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும் ஒரு வாலை ஒட்டினாள். அந்த நாயின் வால் அப்படித்தான் இருக்கும், குச்சம் மாதிரி. அந்த வால் ஒட்டியதும் காப்பகத்தில் வேலை செய்பவர் பெயரைப் படிக்காமலே அது எந்த நாய் என்று சொல்லிவிட்டார்.

செய்முறை எளிது. மூன்று நிறங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள்: ஒன்று பின்னணிக்கு, ஒன்று விலங்குக்கு, ஒன்று எழுத்துக்கு. சிவப்பின் மேல் பச்சை மாதிரியான சேர்க்கைகளைத் தவிர்க்கலாம், நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வோர் அமைப்பையும் கைப்பேசியில் படம் எடுத்து, திரையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் அது பூனையா நாயா என்று தெரிந்தால் போஸ்டர் தூரத்திலிருந்தும் வேலை செய்யும். தெரியவில்லை என்றால் இன்னும் பெரிதாக வெட்ட வேண்டும். பசை எடுப்பது அதற்கு அப்புறம்தான். பசையை முதலிலேயே மேஜையில் வைத்துவிட்டால் யாரும் நகர்த்திப் பார்க்க மாட்டார்கள், அதனால் அதைக் கடைசிக் கால்மணி நேரம் வரை பையிலேயே வைத்திருப்பது நல்லது.

குறையும் உண்டு. ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், நேரம் பிடிக்கும், சின்ன எழுத்துகளை வெட்ட முடியாது. விலங்கின் பெயரை மட்டும் பெரிதாக வெட்டிவிட்டு, மற்ற விவரங்களைக் கையால் எழுதியோ அச்சிட்டோ ஒட்டலாம். நிறையப் பிரதிகள் வேண்டுமென்றால் நிழலான பகல் வெளிச்சத்தில் நேராக மேலிருந்து படம் எடுத்து அச்சிடுங்கள்.

கணினியும் செயலியும்

2013-இல் வெளிவந்த கேன்வா இன்று பள்ளிகளில் பரவலாகப் புழங்குகிறது. சரிபார்க்கப்பட்ட ஆசிரியர்களுக்கும் அவர்களுடைய மாணவர்களுக்கும் கல்விப் பதிப்பு இலவசம். தப்பைத் திருத்தலாம், நூறு பிரதி எடுக்கலாம், விலங்குக்கு வீடு கிடைத்ததும் பெயரை மாற்றிவிடலாம். காப்பகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுதான் வசதி.

கற்றுக்கொடுப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. குழந்தை ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து, அதில் இருந்த நாயை எடுத்துவிட்டு இன்னொரு நாயை வைக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்து ஏன் அந்த இடத்தில், அந்த அளவில் இருக்கிறது என்ற முடிவை எங்கோ யாரோ எடுத்துவிட்டார்கள், குழந்தை எடுக்கவில்லை. பத்துப் பேர் செய்தால் பத்தும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல், காகிதத்தில் ஒருமுறை செய்து பழகியவர்களுக்கு இது நல்ல கருவி. அவர்களுக்கும் வெறும் பக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள், ஒரே ஓர் எழுத்துரு, அதில் இரண்டு அளவுகள் என்று கட்டுப்பாடு வையுங்கள். பாலூ தம்பி, முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில மென்பொருள்களில் "கொ", "டு" போன்றவை உடைந்து வரும், அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துவிடுவது அவசியம்.

அச்சுக்கு அனுப்பும்போது மூன்று விஷயம். ஏ3 அளவுக்குத் தரமான அச்சு வேண்டுமென்றால் படம் சுமார் 3508க்கு 4961 பிக்சல் இருக்க வேண்டும், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, அதனால் அது தவிர்க்க முடியாதது. ஒரு சோதனைப் பிரதி பார்த்துவிடுவது நல்லது.

சின்னக் குழந்தைகளுக்கான டக்ஸ் பெயின்ட் போன்ற இலவச மென்பொருள்கள் விளையாட நன்றாக இருக்கும், போஸ்டருக்கு அவ்வளவாக உதவாது.

செயற்கை நுண்ணறிவில் படம் உருவாக்குவதைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். போஸ்டரில் பார்த்த நாயைத் தேடி ஒருவர் காப்பகத்துக்கு வருகிறார், அப்படி ஒரு நாயே அங்கே இல்லை என்றால் அது ஏமாற்றுவதுதான். குழந்தைக்கு அதைக் கற்றுக்கொடுக்கக் கூடாது.

போட்டோ

தத்தெடுக்க வருபவருக்குப் போட்டோ தரும் நம்பிக்கையை ஓவியம் தராது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் தத்தெடுப்புக்காகப் போடப்பட்ட கறுப்பு லாப்ரடார் கலப்பு நாய்களின் படங்களை அலசியது. தெளிவாக, வெளியில் எடுக்கப்பட்டு, நாய் கேமராவைப் பார்க்கும் படங்கள் இருந்தவற்றுக்கு வீடு சீக்கிரம் கிடைத்திருந்தது. குழந்தைகளின் உயரமே இதற்குத் தோதானது. பெரியவர்கள் மேலிருந்து எடுக்கும் படத்தில் நாயின் முதுகும் தரையும்தான் விழும், குழந்தை உட்கார்ந்து எடுத்தால் கண்ணுக்கு நேர் வரும். ஃபிளாஷ் வேண்டாம், கண்கள் பேய்போல் ஒளிரும். கறுப்பு விலங்கு என்றால் திரையில் அதன் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள்.

என் யோசனை கலவையானது: காகிதம் வெட்டிச் செய்த போஸ்டரில், காலியாக விட்ட அடிப்பட்டைக்கு மேலே, உள்ளங்கை அளவுக்கு ஒரு நிஜப் போட்டோ. பெரிய வடிவம் ஆளை நிறுத்தும், போட்டோ இது நிஜமான விலங்கு என்று சொல்லும்.

என்ன எழுதுவது

குழந்தைகள் தாங்களாக எழுதினால் பெரும்பாலும் கண்ணீர் இருக்கும். "என்னைக் காப்பாற்றுங்கள்", "எனக்கு யாரும் இல்லை", கம்பிக்குப் பின்னால் ஒரு முகம். அவர்கள் மனதிலிருந்து வருவதுதான், அதைக் கேலியாக ஒதுக்கக் கூடாது. இரக்கம் பணம் கொடுக்கவைக்கும் என்பதும் உண்மை. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் கூட வாழப்போகும் ஒரு ஜீவனை இரக்கத்தால் மட்டும் கூட்டிப் போக முடியாது. ஒரே நாய்க்கு மூன்று வரிகள் எழுதச் சொல்லி, "எதைப் படித்தால் இந்த நாயைப் பார்க்கப் போவாய்?" என்று கேளுங்கள். "வீடில்லாமல் தவிக்கிறேன்." "நான் நல்ல நாய்." "கேட் திறக்கும் சத்தம் கேட்டால் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு ஓடி வருவேன்." பதில் அவர்களிடமிருந்தே வந்துவிடும்.

இனப்பெயரை ஊகித்து எழுத வேண்டாம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இனப் பெயர்ச் சீட்டை எடுத்துவிட்ட பிறகு பிட்புல் போன்ற நாய்கள் தத்தெடுக்கப்படுவது கூடியது தெரியவந்தது. தோற்றத்தை வைத்து ஊகிக்கும் இனம் பல நேரம் தப்பாகவும் இருக்கும். "குழந்தைகளோடு நன்றாகப் பழகும்" என்று எழுதுவதாக இருந்தால் ஊழியரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே எழுத வேண்டும். குழந்தை நாயை இறுகக் கட்டிப்பிடிக்கும் படமும் வேண்டாம். பல நாய்களுக்கு அது பிடிக்காது, கடி விழுவதற்கு அது ஒரு காரணம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்படி வரையலாம்.

நேரில் போவதா, வீடியோ போதுமா

வீட்டில் ஒன்றிரண்டு குழந்தைகள் என்றால் காப்பகத்தின் வயது விதிகளைக் கேட்டுக்கொண்டு நேரில் போங்கள். முப்பது பேர் கொண்ட வகுப்பு என்றால் போகாதீர்கள். அத்தனை சத்தம் விலங்குகளுக்கு, முக்கியமாகப் பூனைகளுக்கு, பெரிய தொல்லை. அதற்குப் பதில் ஊழியரை ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, குழந்தைகளின் கேள்விகளை எழுதி அனுப்பலாம். "எங்கே தூங்கும்?", "எதற்குப் பயப்படும்?", "யாரைக் கண்டால் வாலாட்டும்?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே போஸ்டரின் வாசகம் பாதி தயார்.

பரிசுப் போட்டியாக நடத்துவதில் எனக்கு விருப்பமில்லை. நேர்த்தியாக வரைபவருக்குப் பரிசு போகும், மற்ற விலங்குகளின் போஸ்டர் பீரோவுக்குள் போகும். எல்லாவற்றையும் ஒட்டுங்கள்.

ஒட்டுவதற்கு முன்

மூன்று மீட்டர் தள்ளி நின்று சிரமமில்லாமல் படிக்க எழுத்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். பெயர் அதைவிடப் பெரிதாக. கியூஆர் கோடு வைத்தால் ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வையுங்கள், வெளிர் பின்னணியில் அடர் நிறத்தில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு. குழந்தைகள் அந்த ஓரத்தில் பூ வரையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்பு எண் காப்பகத்தினுடையதாக மட்டும் இருக்கட்டும், குழந்தையின் முழுப்பெயரோ பள்ளியோ வேண்டாம். முதல் பெயரும் வயதும் போதும். வயது இருந்தால் படிப்பவர்கள் கூடுதலாக ஒரு நிமிடம் நிற்கிறார்கள்.

போஸ்டரைக் காப்பகத்தில் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு, எங்கெங்கே ஒட்டினோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலங்குக்கு வீடு கிடைத்த செய்தியைக் காப்பகம் யாருக்குச் சொல்லும், அடிப்பட்டையை யார் போய் மாற்றுவார் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும். ஏற்கெனவே வீடு போய்ச் சேர்ந்த நாய்க்காகத் தொடர்ந்து தொலைபேசி வந்தால் ஊழியர்கள் அடுத்த முறை போஸ்டர் என்றாலே யோசிப்பார்கள். அந்தப் பட்டையை மாற்றும் வேலையை போஸ்டர் செய்த குழந்தையிடமே கொடுக்கலாம், கூட ஒரு பெரியவர் போனால் போதும்.